பதினோரு கேள்விகளும் இரண்டு விரல்களும்

1

நேற்று எனக்காகக் கேக் வெட்டினார்கள். இந்த ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறதாம். மெல்பர்ன் நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடியில், எக்ஸ்ரே பிரிவுக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரு சின்ன அறை. அதுதான் என் அலுவலகம். மேலதிகாரி ஒரு சான்றிதழ் கொடுத்தார். பேச முடியாதவர்களுக்காகப் பேசுகிறவன் நான் என்று அதில் தங்க நிறத்தில் அச்சடித்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஒன்றரை நிமிஷத்தில் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். கூச்சமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எரிச்சல்.

சான்றிதழை மேசை டிராயரில் குப்புறப் போட்டு மூடிவிட்டு வந்தேன்.

வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் பனி, ரயில், சுத்தமான தெரு என்று ஆரம்பிப்பான் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். எனக்கு இன்று அதற்கெல்லாம் பொறுமை இல்லை. இந்தக் குறிப்பு கச்சிராயபாளையத்தில் இருக்கிற என் அக்காவின் வலது காலைப் பற்றியது.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பேஷண்ட் அட்வகேட் என்பார்கள். கோர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டாக்டர் சொன்னது நோயாளிக்குப் புரியாவிட்டால், புரிகிற மாதிரி திரும்பச் சொல்ல வைப்பேன். பயத்தில் கேட்காமல் விட்டதை அவர் சார்பில் கேட்பேன். எந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம், போடாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்குவேன். யாராவது அவரை அவமதித்தால் புகார் எழுதிக் கொடுப்பேன். எழுதுவதில் நான் கெட்டிக்காரன். என் கடிதம் போனால் மூன்று நாளில் மன்னிப்பும், கூடவே புதிய தேதியில் ஒரு சந்திப்பும் வரும்.

ஒருமுறை ஊருக்கு வந்தபோது இதை சேவியர் மாமாவிடம் விளக்க முயன்றேன். மாமா என்றால் அக்காவின் கணவர். கோமுகி அணைப் பாசனத்தில் கரும்பு வைக்கிறவர். முழுதும் கேட்டுவிட்டு, “அதுக்குன்னு ஒரு ஆளா மச்சான்? கூடப் போறவங்க இன்னா பண்ணுவாங்க உங்க ஊர்ல?” என்றார்.

“அங்க கூட யாரும் வரமாட்டாங்க மாமா. பேஷண்ட் தனியாத்தான் வருவாங்க.”

“ஆஸ்பத்திரிக்குத் தனியாவா? அப்டி ஆருமே இல்லாதவங்களா எல்லாரும்?” அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போவதில்லை. நோயாளி ஸ்டூலில் உட்காருவார். கூடப் போனவர் பின்னால் நிற்பார். “என்ன பண்ணுது?” என்று டாக்டர் கேட்பது ஸ்டூலைப் பார்த்து அல்ல, அதற்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்து. “மூணு நாளா சோறு எறங்கல சார், ராவெல்லாம் அனத்துறா” என்று அவர்தான் பதில் சொல்வார். வலி ஒருவருக்கு, வாய் இன்னொருவருக்கு. நோயாளி நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டினால் போதும். இதை இங்கே கூட்டங்களில் சிரிப்பு வர வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் தலையை ஆட்டி ஆச்சரியப்படுவார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கும், நான் அதையெல்லாம் தாண்டி வந்தவன் என்று.

என் அறையில் ஒரு போஸ்டர் உண்டு. பன்னிரண்டு மொழிகளில் ஒரே கேள்வி. எந்த நோயாளி வந்தாலும் முதலில் அதைக் கேட்டு, பதிலை எழுதிக்கொண்ட பிறகுதான் மற்ற பேச்சு. அதில் முதலில் இருந்த தமிழ் எந்தத் தமிழனும் பேசாத தமிழ். “உங்களுக்கு என்ன விஷயம்?” என்று சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருந்தது. மாற்றச் சொல்லி மனுப் போட்டேன். மொழிக்குழு, அச்சுக்குழு, இன்னொரு குழு என்று ஏழு மாதம் இழுத்தடித்தார்கள். விடாமல் நின்று மாற்ற வைத்தேன். இப்போது “உங்களுக்கு எது முக்கியம்?” என்று இருக்கிறது. அந்த மூன்று சொற்களும் என்னுடையவை. சொன்னால் அசிங்கம், ஆனாலும் சொல்கிறேன்: அந்தப் போஸ்டரின் கீழே உட்கார்ந்துகொண்டுதான் நான் இனிச் சொல்லப்போவதை எல்லாம் செய்தேன்.

3

பிலோமினா அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்வராயன் மலைமேல் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல் வேலை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறினால் சனிக்கிழமைதான் இறங்குவாள். பத்தொன்பது வருஷம் அப்படி. சர்க்கரை நோய் வந்து நாளாகிவிட்டது. பாதத்தில் சுரணை போய்விட்டது. “செருப்பு கழண்டா கூடத் தெரியல, அப்பாலதான் திரும்பிப் போய்த் தேடறேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த வாரம், பெரிய அடுப்பிலிருந்து ஒரு கங்கு அவள் பாதத்தில் விழுந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. தட்டோடு வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை பார்த்துச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பருப்பைக் கடைந்திருக்கிறாள். பத்து நாளில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம்.

அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே பிற்பகல். வேலைக்கு நடுவில் மாமாவின் அழைப்பு வந்தது.

“மச்சான், வெரல எடுக்கணுன்றாரு டாக்டரு. ரெண்டு வெரலு. இன்னிக்கே கையெழுத்து கேக்குறாங்க. இன்னா பண்றது?”

“போடாதீங்க மாமா.”

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வீடியோவில் கூரை மின்விசிறி, குளுக்கோஸ் பாட்டில், அக்காவின் தலை வகிடு, பிறகு டாக்டரின் முகம். போன் அவள் தலைக்கு மேலே கைமாறிப் போனது. ரத்த ஓட்டம் பார்த்தீர்களா, ரத்தக் குழாய் நிபுணரைக் கேட்டீர்களா, மருந்திலேயே ஒரு வாரம் பார்க்கக் கூடாதா என்று அடுக்கினேன். இரண்டுக்குப் பதில் சொன்னார். மூன்றாவதற்கு, “சார், வெளியில நெறைய பேரு ஒக்காந்துகினு இருக்காங்க” என்று போனை மாமாவிடம் நீட்டிவிட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்று மாலை வேலை முடிந்ததும் கிளம்பாமல் ஒரு மெயில் எழுதினேன். வரிசை எண் போட்டுப் பதினோரு கேள்விகள். நோயாளியின் உரிமைகள் பற்றி ஒரு பத்தி. முழுக் கோப்பின் நகல் வேண்டும் என்று ஒரு பத்தி. நகல் அந்த ஆஸ்பத்திரியின் முதலாளிக்கும். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு பிழை கிடையாது. என் பத்து வருஷ வேலையில் அவ்வளவு நல்ல கடிதம் எழுதியதில்லை.

4

மெயிலுக்குப் பதில் வரவில்லை. மறுநாள் மாமாதான் அழைத்தார்.

“டிஸ்சார்ஜ் பண்ட்டாங்க மச்சான்.”

“யாரு? எதுக்கு?”

“மேனேஜரு வந்தாரு. உங்க மச்சான் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்ற அளவுக்கு நாங்க பெரிய ஆஸ்பத்திரி இல்லைங்க, பெரிய எடமாப் பாத்துக்குங்கன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கினாரு.”

“இன்னா எழுதியிருந்துச்சு அதுல?”

“நாங்களா இஷ்டப்பட்டு இட்டுக்கினு போறோம்னு.”

ஒரு கையெழுத்தைப் போடாதீர்கள் என்று தடுத்தேன்; அதற்குப் பதில் போடவே கூடாத கையெழுத்தைப் போட்டிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? இங்கே கடிதம் எழுதினால் நாற்காலி போடுவார்கள். அங்கே கடிதம் எழுதினால் கேட்டைத் திறந்துவிடுவார்கள், வெளியே போக. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் புளியோதரைப் பொட்டலம் பிரித்துத் தின்று வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். கோபத்தில் மறந்தேன். கோபப்பட்டுக்கொண்டிருந்தால் ஏதோ செய்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது, அதுதான் அதில் உள்ள கேடு.

பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். காரில் போனார்கள். ஸ்கேனுக்கு நாலு நாள் கழித்துத் தேதி. அந்தத் தேதியில் பார்க்க வேண்டிய டாக்டர் விடுப்பு. அடுத்த தேதிக்கு முன்னால் மூங்கில்துறைப்பட்டு ஆலையிலிருந்து மாமாவுக்குக் கரும்பு வெட்ட உத்தரவு வந்துவிட்டது. அந்த உத்தரவு வந்தால் வெட்டியே ஆக வேண்டும், விட்டால் மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. நான் போனில் கத்தினேன்.

“கரும்பு முக்கியமா, கால் முக்கியமா மாமா?”

“வெட்டு ஆளுங்க வயல்ல வந்து நிக்கிறாங்க. நான் இல்லன்னா எப்டி? நீ வந்து நிப்பியா மச்சான்?”

அழைப்பைத் துண்டித்தேன்.

வெட்டு முடிந்து போனபோது பாண்டிச்சேரி டாக்டரும் விரல்களை எடுக்கத்தான் சொன்னார். இப்போது இரண்டு இல்லை, மூன்று. எனக்கு அதுவும் திருப்தி இல்லை. இன்னும் ஒருவரைப் பார்க்கலாம் என்றேன். இங்கே எங்கள் ஆஸ்பத்திரி நிபுணரிடம் போட்டோக்களைக் காட்டினேன். நேரில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். அதற்கும் கோபப்பட்டேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

ஒருநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் என் மகள் ஷெரின் கேட்டாள், “அப்பா, அந்தப் பேஷண்ட் இப்ப எப்படி இருக்காங்க?” பதினாறு வயது. அவள் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசியதே அன்றைய அதிசயம்.

“எந்தப் பேஷண்ட்?”

“கால் விரல் கேஸ். டெய்லி போன்ல சத்தம் போடுறீங்களே.”

“அடியே, அது உன் அத்தைடி!”

கரண்டியை வைத்துவிட்டாள். “பிலோமினா அத்தையா? நீங்க பேரே சொல்லலையே. பேஷண்ட், பேஷண்ட்னுதானே சொன்னீங்க. வேலை விஷயம்னு நெனச்சேன்.”

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு உறவு ஒட்டுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் நின்று நாங்கள் எல்லா அப்பாக்களும் புலம்புவோம். நானும் வாய் வலிக்கப் புலம்பியிருக்கிறேன். அன்று அந்தப் பெண் தன் அறைக்குப் போய் அத்தைக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். உடைந்த தமிழில், கால் வலிக்கிறதா என்று. அந்த மூன்று வாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து அக்காவுக்கே போன முதல் செய்தி அது. நான் அனுப்பியதெல்லாம் மாமாவின் எண்ணுக்கு.

5

அதற்கு மறுநாள் அக்காவுக்குக் குளிர் ஜுரம். மாமா என்னைக் கேட்கவில்லை. நேராகக் கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கே இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். சொன்னால் நான் கேள்வி கேட்பேன் என்று பயந்திருக்கிறார்.

அங்கே கட்டுப் போடுகிற அறையில் ஒரு நர்ஸ். பெயர் அலமேலு, மலைக்காரப் பெண். அக்கா சமைத்ததைத் தின்று படித்தவள். அக்காவை அடையாளம் கண்டுகொண்டாள். மாமா வழக்கம்போல ஸ்டூலுக்குப் பின்னால் நின்று, போனில் பழைய ரிப்போர்ட்டுகளைக் காட்டி ஆதியிலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பிக்க, “ஐயா, நீங்க செத்த வெளிய இருங்க. அந்தப் போனையும் எடுத்துக்கினு போங்க” என்றிருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டு அக்காவைக் கேட்டிருக்கிறாள்.

இது எல்லாம் அக்கா பிறகு சொன்னது. ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து, முதன்முறையாக அவள் எண்ணுக்கே அழைத்தேன். விரல்கள் மட்டுமல்ல, பாதத்தின் முன்பாதியே போய்விட்டது. விஷம் அதுவரை ஏறியிருந்தது.

“அவ கேட்டாடா, யம்மா உங்களுக்கு இன்னா தோணுதுன்னு. எனக்கு அழுகையா வந்துடுச்சி. வலிக்குதாம்மான்னா. மரத்துப்போன கால்ல வலி ஏது? ஆரும் கேக்கலடீன்னு சொன்னேன்.”

நான் கேட்டேன். “அன்னிக்கே, மொத ஆஸ்பத்திரிலயே நான் கேட்டிருந்தா இன்னாக்கா சொல்லியிருப்ப?”

“எடுத்துடுங்கன்னுதான். ரெண்டு வெரலுதானே? கால் வெரலாலயாடா சாம்பார் வெக்கிறேன்? பரீட்சைக்கு முன்னால மலைக்குப் போய்ச் சேந்துடலாம்னு கணக்கு போட்டுக்கினு இருந்தேன். நாத்தம் வேற. பாண்டிக்குப் போறப்ப உளுந்தூர்பேட்டைல டீ குடிக்க நிறுத்துனாங்க. நான் எறங்கல. கார்லயே துணிய மூக்குல வெச்சிக்கினு கெடந்தேன். எப்படா எடுப்பாங்கன்னு இருந்திச்சி.”

“ஏங்க்கா ஒரு வார்த்த சொல்லல?”

“நீ அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரில இதே வேலையா கீற. ஒனக்குத் தெரியும்னு வுட்டுட்டேன்.”

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரியாதவள். அரைப் பாதத்தை வைத்துக்கொண்டு பெரிய அடுப்பின் முன்னால் நாலு மணி நேரம் நிற்க முடியாது. மலையில் இப்போது வேறு ஒருத்தி சமைக்கிறாள். சாம்பாரில் புளி ஜாஸ்தி என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். அதை மட்டும் கொஞ்சம் சந்தோஷமாகச் சொன்னாள்.

என் எரிச்சல் யார் மேல் என்று நானே கேட்டுப் பார்க்கிறேன். பதில் சொல்லாமல் வெளியே அனுப்பியவர்கள்மேல் உண்டு, அது போகாது. முப்பது பேரை வாசலில் உட்காரவைத்து ஒரு டாக்டர் எத்தனை கேள்விக்குத்தான் பதில் சொல்வார் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. மாமாமேல் இல்லை. அவர் கூடப் போனார், பின்னால் நின்றார், தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான் கூடப் போகக்கூட இல்லை. ஏறக்குறைய ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு ஸ்டூலுக்குப் பின்னால் நின்றேன். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் வாயை அடைக்க என்னால் முடிந்தது.

6

கேக் வெட்டிய கதைக்கு வருகிறேன். ஐந்து நிமிஷம் பேசச் சொன்னபோது இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஆறுதல் சொல்வார்கள், உன் தப்பில்லை என்பார்கள், மனநல ஆலோசகரின் எண் கொடுப்பார்கள். அதற்கு ஒரு படிவம் இருக்கும். வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இன்று பிற்பகல் அதே அறையில், அதே போஸ்டரின் கீழே உட்கார்ந்து அக்காவை அழைத்தேன். நலம் விசாரித்தேன். பிறகு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்போல நாக்கு தடுமாறிக் கேட்டேன்.

“அக்கா, இப்ப ஒனக்கு இன்னா வேணும்?”

மறுமுனையில் டிவி ஓடுகிற சத்தம். “ஏங்க, தம்பி இன்னாமோ...” என்று மாமாவைக் கூப்பிட ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். டிவி சத்தம் அடங்கியது.

“வர மாசம் செக்கப்பு கீது. காலுக்கு ஏத்த மாதிரி செருப்பு செய்யணும்னாங்க. அது வந்தா மலைக்குப் போலாமா, கூடாதா, ஒக்காந்துகினு காய்கறியாவது நறுக்கலாமான்னு டாக்டர கேக்கணும். நீ வந்தா வா.”

“வரேங்க்கா. கண்டிப்பா வரேன்.”

“ஆனா ஒண்ணு. உள்ள போனா நான்தான் பேசுவேன். நீ கூட ஒக்காந்து இருக்கணும், அவ்ளோதான். வாயத் தொறக்கக் கூடாது.”

“சரிக்கா.”

“சரின்னா பத்தாது. நீதான் நல்லா எழுதுவியே. எழுதி கையெழுத்து போட்டு அனுப்பு.”

சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. விடுப்பு விண்ணப்பத்தைத் திறந்தேன். காரணம் என்ற இடத்தில் அவர்கள் கொடுத்திருக்கிற பட்டியலில் ‘அக்காவோடு போய்ச் சும்மா உட்கார’ என்று ஒன்று இல்லை. ‘மற்றவை’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். அனுமதி வருமோ, இன்னொரு படிவம் வருமோ. பிறகு டிராயரைத் திறந்தேன். சான்றிதழ் குப்புறக் கிடந்தது, வெறுமையான முதுகைக் காட்டிக்கொண்டு. அதன்மேலேயே எழுதினேன். டாக்டர் அறையில் பிலோமினாதான் பேசுவாள் என்று ஒரு வரி. அதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டாலும் நான் பதில் சொல்ல மாட்டேன், போனை எடுக்க மாட்டேன், மெயில் எழுத மாட்டேன், அவள் கேட்காமல் எந்த முடிவும் சொல்ல மாட்டேன் என்று வரிசை எண் போட்டு அடியில் கையெழுத்துப் போட்டேன். போட்டோ எடுத்து அவள் எண்ணுக்கே அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் குரல் செய்தி வந்தது.

“பாத்தேன்டா. நல்லா கீது. உங்க மாமாவையும் இதுலயே ஒரு கையெழுத்து போடச் சொல்லணும். நானும் போடணும். எடம் வுட்டிருக்கியா?”

தாளை எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை முழுதும் நானே எழுதி நிரப்பியிருந்தேன்.